பொன்னிக்கு ஒரு தரைத்தள வீடு

கார்த்திகை மாதத்து அடைமழையில், சேலையூரில் பல மாதங்களாகப் பூட்டிக் கிடந்த ஓர் இரும்புக் கடையின் தாழ்வாரத்தில் அவள் படுத்திருந்தாள். பள்ளிக்குப் போகும் வழியில் இரண்டு நாள் அவளைப் பார்த்துக்கொண்டே கடந்து போனேன். யாரோ பக்கத்து வீட்டார் வளர்க்கும் நாய், மழைக்கு ஒதுங்கியிருக்கிறது என்றே எண்ணினேன். மூன்றாம் நாள் மாலையும் அதே இடத்தில், அதே பக்கமாகச் சுருண்டு கிடந்ததைப் பார்த்த பிறகுதான் வண்டியை நிறுத்தினேன். வெளிர் மஞ்சள் நிற லாப்ரடார். முகவாய் முழுக்க நரைத்திருந்தது. கழுத்தைச் சுற்றி ஒரு விரல் அகலத்துக்கு முடி உதிர்ந்து, சங்கிலி கிடந்த தடம் தோலில் பளபளத்தது. முன்னங்கால் முட்டிகள் இரண்டும் காய்ப்புக் காய்ச்சிக் கறுத்திருந்தன. பால்காம்புகள் தளர்ந்து தரையைத் தொட்டன. எதிரே இருந்த தேநீர்க் கடையில் ஒரு சொம்புத் தண்ணீர் வாங்கி வைத்தேன். மூச்சு விடாமல் குடித்துவிட்டு, காலிச் சொம்பை நக்கியபடி என்னைப் பார்த்தாள். இன்னொரு சொம்பு வைத்தேன், அதுவும் தீர்ந்தது. கொட்டும் மழையில் கிடக்கும் நாய்க்கு இவ்வளவு தாகம் ஏன் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, தெரிந்த ஆட்டோக்காரர் ஒருவரின் உதவியோடு வேப்பேரிக்குக் கொண்டு போனேன். 1903ஆம் ஆண்டில் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை அது. காலையில் அங்கே போய் நின்றால், கூடையில் கோழியோடு வந்தவரும் குளிரூட்டிய காரில் பூனையோடு வந்தவரும் ஒரே வரிசையில் நிற்பதைக் காணலாம். அந்தத் தாகம்தான் நோயின் முதல் அடையாளம் என்பதை அங்கே மருத்துவர் சொல்லித் தெரிந்துகொண்டேன். கருத்தடை செய்யப்படாத, வயதான பெண் நாய்களுக்குக் கருப்பையில் சீழ் கட்டுவது உண்டு. சீழின் நச்சு சிறுநீரகத்தைத் தாக்குவதால் தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்கும். அறுவை செய்து கருப்பையை எடுக்காவிட்டால் பெரும்பாலும் பிழைக்காது. அதோடு உண்ணிக் காய்ச்சலும் இருந்ததால் இரத்தத் தட்டணுக்கள் குறைந்திருந்தன. அறுவையும் ஆபத்து, காத்திருப்பதும் ஆபத்து என்ற நிலை. பற்களின் தேய்மானத்தைப் பார்த்து வயது ஒன்பது, பத்து இருக்கும் என்றார். “நிறைய ஈத்துப் போட்ட உடம்பும்மா இது. இனி குட்டி நிக்காதுன்னு தெரிஞ்சதும் கொண்டாந்து விட்டிருப்பாங்க” என்று சொன்னபோது அவருடைய குரலில் கோபம்கூட இல்லை. எத்தனை முறை பார்த்திருந்தால் அப்படிச் சொல்ல வரும் என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்குள் கூண்டு வைத்து நாய்க்குட்டிகளை உற்பத்தி செய்து விற்பவர்களுக்கென்று இந்த நாட்டில் விதிகள் இல்லாமல் இல்லை. 2017ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க விதிகளின்படி, பதினெட்டு மாதம் நிறையாத பெண் நாயை இனவிருத்திக்கு விடக்கூடாது. ஆண்டுக்கு ஓர் ஈற்றுக்கு மேலும், வாழ்நாளில் ஐந்து ஈற்றுக்கு மேலும் கூடாது. வளர்த்த விலங்கைப் பட்டினியில் வாடும்படி கைவிடுவது, விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவின்படி குற்றம். அந்தச் சட்டம் 1960இல் வந்தது. முதல் முறை குற்றத்துக்கு அது விதித்த அபராதம் குறைந்தது 10 ரூபாய், அதிகம் போனால் 50 ரூபாய். பொன்னியின் ஒரு குட்டியை ஆயிரக்கணக்கில் விற்றிருப்பார்கள். அவளைத் தெருவில் விட்டதற்கான தண்டனை, அன்று நான் அவளுக்கு வாங்கிய கோழி ஈரலின் விலைக்குக்கூட வராது. இதை எழுதும்போதும் எனக்கு மனம் கொதிக்கிறது.

பொன்னி என்ற பெயரை என் அம்மா வைத்தார். அறுவை முடிந்து, வயிற்றில் தையலோடும் கழுத்தைச் சுற்றிய பிளாஸ்டிக் கூம்போடும் அவளை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று, “இதுக்கு என்னடி பேரு?” என்று அம்மா கேட்டார். இருந்த பெயர் தெரியாது என்றேன். “கூண்டுல கெடந்ததுக்குப் பேரு எங்க வச்சிருக்கப் போறாங்க” என்று சொல்லிவிட்டு, அவர்தான் அப்படி அழைத்தார். உண்மையில் எந்தப் பெயருக்கும் அவள் திரும்பிப் பார்த்ததில்லை. ‘வா’, ‘உட்கார்’ என்ற எளிய சொற்களும் அவளுக்குப் பழக்கமில்லை. தட்டில் சோறு வைத்தால், வைத்தவர் நகரும் வரை வாயைத் தாழ்த்த மாட்டாள். பத்து வயதில் ஒரு பெண் தன் பெயரை முதன்முதலாகக் கற்றுக்கொள்வதை நான் பார்த்தேன். முழுதாக இருபது நாள் ஆயிற்று.

அவளை நாங்களே வைத்துக்கொண்டிருக்கலாமே என்று பலரும் கேட்டார்கள். எங்கள் வீடு இரண்டாவது மாடி, மின்தூக்கி இல்லை, முப்பத்தாறு படிகள். இடுப்பு மூட்டுத் தேய்ந்த, இருபத்தெட்டுக் கிலோ எடையுள்ள நாயைப் பழைய போர்வையில் தூளி போலக் கிடத்தி, நானும் என் கணவரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து நாளுக்கு நான்கு முறை இறக்கி ஏற்றினோம். நாங்கள் இருவரும் வேலைக்குப் போனபின் எழுபத்து நான்கு வயது அம்மாவும் அவளும் மட்டும். பொன்னிக்கு மனிதர்கள் காலில் சாய்ந்துகொண்டு நிற்கும் பழக்கம் உண்டு. முட்டியில் அறுவை செய்துகொண்ட அம்மா, அப்படி அவள் சாய்ந்தபோது ஒருமுறை தடுமாறி, சுவரைப் பிடித்துத் தப்பினார். அடுக்ககத்தில் சிலர் முணுமுணுத்தது வேறு. குடியிருப்பவர் நாய் வளர்ப்பதைச் சங்கங்கள் தடுக்க முடியாது என்று விலங்கு நல வாரியம் 2015இலேயே வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. ஆகவே அதை நான் பொருட்படுத்தவில்லை. படிகளைத்தான் வெல்ல முடியவில்லை. அன்பு இருப்பதாலேயே அந்த வீடு ஒரு நாய்க்கு ஏற்றதாகிவிடாது என்பதை ஒப்புக்கொள்ள எனக்கு ஒன்றரை மாதம் பிடித்தது.

உண்ணிக் காய்ச்சலுக்கான இருபத்தெட்டு நாள் மாத்திரை முடிந்து, பொங்கலும் கழிந்தபின், அவளுக்கு வீடு தேடும் அறிவிப்பை எழுதி, படத்தோடு தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பினேன். ‘அழகான, சாதுவான லாப்ரடார். குழந்தைகளோடு நன்றாகப் பழகும். நல்ல வீடு தேவை’ என்று எழுதியிருந்தேன். வயதைக் கடைசி வரியில் வைத்தேன். இரவில் சில நேரம் சிறுநீர் கசிவதை ‘மிக அரிதாக’ என்று எழுதினேன். வாரத்துக்கு நான்கு நாள் கசிந்துகொண்டிருந்தது.

ஒரே வாரத்தில் நாற்பதுக்கு மேற்பட்ட அழைப்புகள். லாப்ரடார், அதுவும் இலவசம் என்ற இரண்டு சொற்களுக்குத்தான் அத்தனையும் என்பது போகப் போகப் புரிந்தது. “குட்டி போடுமா?” என்ற கேள்வியைப் பாதிப் பேர் கேட்டார்கள், கருப்பை எடுத்தாயிற்று என்றதும் மறுபேச்சில்லாமல் தொடர்பைத் துண்டித்தார்கள். அவளை எதற்காகத் தெருவில் விட்டார்களோ, அதே வேலைக்கு அவளைத் திரும்ப அழைக்க இவ்வளவு பேர் காத்திருந்தார்கள். இனச் சான்றிதழ் இருக்கிறதா என்றார் ஒருவர். மறைமலைநகர் தாண்டி ஒரு தோட்டத்துக்குக் காவல் நாய் வேண்டும், மாமரத்தடியில் கட்டிப் போட்டுவிடலாம், சோறு தாராளமாகக் கிடைக்கும் என்று இன்னொருவர் மிகுந்த நல்லெண்ணத்தோடு சொன்னார். அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. நாய் என்றால் காவல் என்றே நாம் வளர்ந்திருக்கிறோம். ஆனால் திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில், மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. இறந்துபட்ட வீரனுக்கு அருகில் அவனுடைய நாயையும் செதுக்கி, கள்வரைக் கடித்துக் காத்து நின்ற அதன் பெயர் கோவிவன் என்றும் பொறித்து வைத்திருக்கிறார்கள். காவல் நாயைக்கூடப் பெயர் சொல்லி நினைத்தவர்கள் இந்த மண்ணில் ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன் இருந்தார்கள். தோட்டக்காரர் பேசி முடிக்கும் வரை பொன்னியின் பெயரைக் கேட்கவே இல்லை.

கடைசியில், மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கும் இளம் தம்பதியினரைத் தேர்ந்தெடுத்தேன். இருவரும் கனிவானவர்கள், வீட்டைப் போய்ப் பார்த்தேன், வீட்டு உரிமையாளரிடமும் பேசினேன். புதுப் படுக்கை, புதுக் கழுத்துப்பட்டை எல்லாம் வாங்கி வைத்திருந்தார்கள். பதினோராம் நாள் அந்தப் பெண் தொலைபேசியில் அழுதாள். ஒவ்வொரு இரவும் படுக்கை நனைகிறது. பகலில் ஒன்பது மணி நேரம் தனியே இருக்கும் பொன்னி, கதவைப் பிறாண்டி நகத்தை உடைத்துக்கொள்கிறாள். வழுவழுப்பான தரையில் பின்னங்கால்கள் அகன்று விழுந்தால் எழ முடியவில்லை. “அக்கா, நீங்க முன்னாடியே சொல்லியிருந்தா நாங்க வேற மாதிரி யோசிச்சிருப்போம்” என்றாள். அவள் சொன்னதில் ஒரு சொல்லும் தவறில்லை. பொன்னி மறுபடி எங்கள் வீட்டுக்கு வந்தபோது, தட்டில் சோறு வைத்தால் ஆள் நகரும் வரை காத்திருக்கும் பழைய பழக்கமும் அவளோடு திரும்பி வந்திருந்தது. நான் எழுதிய ‘மிக அரிதாக’ என்ற இரண்டு சொற்களின் விலையை அவள்தான் கொடுத்தாள்.

அந்தக் கசிவுக்கும் காரணம் இருந்தது. கருப்பையும் சினைப்பையும் எடுக்கப்பட்ட பெரிய இனப் பெண் நாய்களுக்கு, சுரப்புநீர் குறைவதால் சிறுநீர்ப்பையின் வாய் தளர்ந்து, தூக்கத்தில் தானறியாமல் சிறுநீர் வடிவதுண்டு. சேட்டையும் இல்லை, பழக்கக் கேடும் இல்லை. மருந்து கொடுத்தால் பெரும்பாலும் கட்டுப்படும், ஆனால் அளவைச் சரிபார்த்துச் சரிபார்த்துக் கொடுக்க வேண்டும். இதையெல்லாம் முறையாகக் கேட்டுத் தெரிந்துகொண்டு இரண்டாம் அறிவிப்பை எழுத உட்கார்ந்தேன். என் கணவர் பக்கத்தில் இருந்து, நான் மென்மையாக்க முயன்ற ஒவ்வொரு சொல்லையும் அடித்தார். முடிவில் அது இப்படி இருந்தது: ‘பொன்னிக்கு வயது பத்து இருக்கலாம். அவளுடைய இனத்துக்குப் பன்னிரண்டு வயது என்பதே நிறைந்த ஆயுள். இடுப்பில் மூட்டுவாதம் உண்டு. படி ஏற முடியாது. இரவில் சிறுநீர் கசியும். தினமும் மாத்திரை வேண்டும், ஒருமுறையாவது எழுப்பி வெளியே விட வேண்டும். தனியாக நெடுநேரம் இருந்தால் பயப்படுவாள். குட்டி போட மாட்டாள். காவல் காக்க மாட்டாள். தரைத்தள வீடும், பகலெல்லாம் வீட்டில் இருக்கும் ஒருவரும் வேண்டும். உங்கள் காலில் சாய்ந்துகொண்டு நிற்பாள்.’ மாத மருந்துச் செலவையும் கூட்டிப் போட்டு எழுதினேன்.

அழைப்புகள் நின்றுபோயின. மாசி முழுவதும் இரண்டே இரண்டு பேர் பேசினார்கள். அதில் ஒருவர், இவ்வளவு நோயுள்ள நாயை ஊசி போட்டு நிம்மதியாக அனுப்பிவிடலாமே என்று கேட்டார். வலி தீராத கட்டத்தில் அந்த ஊசி ஒரு கருணைதான் என்று நானும் நம்புகிறேன். ஆனால் மாலையில் என் செருப்புச் சத்தம் கேட்டதும் வாலால் தரையை அடித்துத் துவைக்கும் ஒரு நாய்க்கு அந்தக் கட்டம் வரவில்லை. அவள் கண்களில் படர்ந்த நீலப் பனியைப் பார்த்து, குருடாகிவிட்டாள் என்றும் சிலர் நினைத்தார்கள். வயது ஏற ஏற நாயின் கண்வில்லை இறுகி அப்படி மங்கித் தெரியும். பார்வையைப் பெரிதாக மறைக்காது. வெண்மையாகத் திரளும் கண்புரை வேறு. முதிய நாய்க்கு வீடு கிடைக்காமல் போவதற்கு, முதுமையைப் பற்றிய இப்படிப்பட்ட சின்னச் சின்ன அறியாமைகளும் காரணம் என்று நினைக்கிறேன்.

பங்குனி தொடக்கத்தில் அரக்கோணத்திலிருந்து ஒருவர் பேசினார். ரயில் ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர், வயது எழுபத்தொன்று, மனைவி காலமாகி மூன்றாண்டு, தரைத்தளத்தில் சொந்த வீடு. நான் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளைத் தொடங்குவதற்குள், அவரே என் அறிவிப்பை வரி வரியாகப் படித்துக் கேள்வி கேட்டார். மாத்திரை வெறும் வயிற்றிலா, சோற்றிலா? எழுப்பினால் கடிக்குமா? வெங்காயம் போட்ட குழம்புச் சோறு ஆகாதாமே, தயிர்ச்சோறு ஆகுமா? நான் இரவு எழுப்பும் விஷயத்தைத் தயங்கித் தயங்கி மறுபடி சொன்னபோது, “அதப் பத்தி ஏம்மா கவலப்படுற? பிரஷர் மாத்திர போடுறேன், நானே ராத்திரி நாலு தடவ எந்திரிக்கிறேன். நான் போறப்ப அதையும் கூட்டிட்டுப் போறேன், அவ்வளவுதான” என்றார்.

எனக்கு உடனே சம்மதம் சொல்ல முடியவில்லை. அவருடைய வயது என்னை உறுத்தியது. ஏற்கெனவே இருமுறை வீடு இழந்தவளை, நாளை அவருக்கு ஏதாவது ஒன்று ஆனால் மூன்றாம் முறை தெருவில் நிறுத்துவதா என்று இரவெல்லாம் யோசித்தேன். அதை அவரிடம் எப்படிக் கேட்பது என்றும் தெரியவில்லை. வீட்டைப் பார்க்கப் போன ஞாயிற்றுக்கிழமை அந்தச் சங்கடத்தை அவரே தீர்த்து வைத்தார். ஆவடியில் இருக்கும் மகனையும் மருமகளையும் வரச் சொல்லியிருந்தார். “எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா பொன்னி எங்க போவும்னு இந்தம்மா கேக்க வெக்கப்படுறாங்க. நீங்களே சொல்லிடுங்க” என்றார். மருமகள் கையோடு ஒரு தாளில், மாமாவால் பார்த்துக்கொள்ள முடியாமல் போனால் நாயை நாங்கள் ஏற்றுக்கொள்கிறோம், வேறு யாரிடமும் கொடுக்க மாட்டோம் என்று எழுதி இருவரும் கையெழுத்திட்டு, ஆதார் நகலோடு கொடுத்தார்கள். நான் வைத்திருந்த தத்துப் படிவத்தில் அப்படி ஒரு பத்தியே இல்லை. இப்போது நான் யாருக்கு உதவினாலும், எத்தனை வயதுக்காரராக இருந்தாலும், அந்தப் பத்தியை முதலில் நிரப்பச் சொல்கிறேன். இருபத்தைந்து வயதுக்காரருக்கும் வெளிநாட்டு வேலை வரும், திருமணம் ஆகும், வீடு மாறும்; அவர்களிடம் மட்டும் அந்தக் கேள்வியை ஏன் கேட்காமல் விட்டேன் என்று தெரியவில்லை.

அன்றே அவளை விட்டுவரவில்லை. அடுத்த வாரம் கொண்டுபோனோம். அவள் படுத்துப் பழகிய பழைய போர்வையைத் துவைக்காமல் அப்படியே எடுத்துக்கொண்டோம். புது இடத்தில் பழைய வாசனை ஒன்றாவது கூட இருக்கட்டும் என்பதற்காக. திருவள்ளூர் தாண்டியதும் வண்டியிலேயே வாந்தி எடுத்தாள். அரக்கோணத்தில் இறங்கியபோது, அந்த வீட்டு வாசலிலிருந்து கூடம், சமையற்கட்டு, பின்கட்டுக் கதவு வரைக்கும் கோணிச் சாக்குகளை மடித்துத் தைத்து, பாதை போலப் பரப்பி வைத்திருந்தார் அவர். நான் வழுக்கும் தரையைப் பற்றி ஒரே ஒரு முறை சொல்லியிருந்தேன். பொன்னி அந்தச் சாக்குப் பாதையை முகர்ந்துகொண்டே கடைசி வரை நடந்து, பின்கட்டில் இருந்த துளசி மாடத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து, என் காலடியில் உட்கார்ந்தாள். நாங்கள் கிளம்பும்போது அவளை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திக்கொள்ளச் சொன்னேன். தெருமுனை திரும்பும் வரை அவள் குரைப்பது கேட்டது. அதற்கு முன் அவள் குரைத்து நான் கேட்டதே இல்லை.

வீடு மாறிய நாய்க்கு, மிரட்சி தெளிய மூன்று நாள், நடைமுறை பழக மூன்று வாரம், இது என் வீடு என்று நம்ப மூன்று மாதம் என்று மீட்புப் பணியில் இருப்பவர்கள் ஒரு கணக்குச் சொல்வார்கள். பொன்னி முதல் இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள், அவர் தன் தட்டோடு தரையில் அமர்ந்து, அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சாப்பிட்டபோது, பின்னால் அவளும் தன் தட்டைக் காலி செய்தாளாம். ஆள் நகர வேண்டும் என்று காத்திருப்பவளுக்கு, நகராமலே நகர்ந்துகொடுக்கும் அந்த வழி எனக்குத் தோன்றியிருக்காது. மூன்றாம் வாரத்தில் ஒரு நாள் அவர் தொலைபேசியில் அழைத்து, ஒன்றும் பேசாமல் கருவியைத் தரையருகே பிடித்தார். குறட்டை.

ஆவணி மாதம் அம்மாவையும் அழைத்துக்கொண்டு அவளைப் பார்க்கப் போயிருந்தேன். எடை இரண்டு கிலோ குறைந்திருந்தது. மூட்டுக்கு நல்லது என்று மருத்துவர் சொல்லிக் குறைத்திருக்கிறார். கழுத்துத் தடத்தில் முடி வளர்ந்து மூடிவிட்டது. அம்மா நாற்காலியில் உட்கார்ந்ததும் வந்து காலில் சாய்ந்தாள். இந்த முறை அம்மா தடுமாறவில்லை. வீட்டுக்காரர் அலமாரியிலிருந்து ஒரு நீள நோட்டை எடுத்து வந்து என்னிடம் கொடுத்தார். கசிவு மருந்தின் அளவைக் கூட்டுவதா குறைப்பதா என்று மருத்துவர் கேட்டதற்காகத் தொடங்கிய குறிப்பு என்றும், அதை வைத்துத்தான் அளவைப் பாதியாகக் குறைத்தார்கள் என்றும் சொன்னார். வாழ்நாளெல்லாம் ரயில் ஓட்டிய கை, ஒவ்வொரு இரவையும் நிமிடம் தவறாமல் எழுதியிருந்தது. பல பக்கங்களில் ‘படுக்கை: ஈரம்’ என்றிருந்த குறிப்பு, ஆனி பாதியிலிருந்து ‘படுக்கை: காய்ந்தது’ என்று மாறி, அதன்பின் அப்படியே தொடர்ந்தது. கடைசியாக, முந்தைய இரவின் பதிவைப் படித்தேன். ‘11.40 வெளியே, 11.46 உள்ளே. 2.10 வெளியே. மழை. திண்ணையில் இருவரும் நின்றோம். 2.35 உள்ளே. துண்டால் துடைத்தேன். படுக்கை: காய்ந்தது.’